ஏட்டுக் கணக்கும் பொறியின் விடையும்

ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பது பழமொழி. நூலறிவு மட்டும் போதாது, பட்டறிவும் வேண்டும் என்பதே அதன் கருத்து. ஆயினும், ஏட்டுச் சுரைக்காயை அன்றி வேறொரு சுரைக்காயையும் அறியாத சமையற்காரன் ஒருவன் இன்று நம்மிடையே இருக்கின்றான். தோட்டத்தில் காய்த்துத் தொங்குவதை அவன் கண்டதில்லை. கறியின் சுவையை நாவால் அறிந்ததுமில்லை. ஏட்டில் மூன்று என்றிருந்தால் மூன்று காய் நறுக்குவான். எழுதியவர் கைதவறி முந்நூறு என்று எழுதிவிட்டால், "ஐயா, இது மெய்தானா?" என்று ஒரு சொல்லும் கேளாது முந்நூறையும் நறுக்கி அடுப்பில் ஏற்றுவான். அவனுடைய வேகத்திற்கும் உழைப்பிற்கும் ஈடில்லை. ஐயம் என்பது மட்டும் அவன் அறியாத ஒன்று. அச்சமையற்காரனின் பெயர் கணினி.

அத்தகைய ஒருவனிடம் கணக்கொன்றை எவ்வாறு ஒப்படைப்பது? நாம் கருதிய கணக்கே அவன் கைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதை எவ்வாறு அறிவது? இவ்விரு வினாக்களும் எளியனவாகத் தோன்றும். ஆனால் பெருந்தொழில்களிலும் பொதுப்பணிகளிலும் கணினி சொல்லும் விடையை நம்பிப் பணமும் உழைப்பும் செலவிடப்படும் இந்நாளில், இவற்றை அலட்சியம் செய்தல் ஆகாது.

முதலில், எவ்வகைக் கணக்கு என்பதைத் தெளிவு செய்தல் வேண்டும். உள்ள பொருளைக் கொண்டு, விதித்த நிபந்தனைகளுக்கு அமைய, செலவை இயன்றவரை குறைப்பது எப்படி? அல்லது பயனை இயன்றவரை கூட்டுவது எப்படி? இவ்வாறு வினவும் கணக்கை உகப்பாக்கற் கணக்கு என்பர். கையில் உள்ள பணத்துக்குள் வீட்டார் அனைவருக்கும் உணவு தேடச் சந்தைக்குச் செல்லும் இல்லத்தரசி மனத்துள் போடுவதும் இக்கணக்கே. இரண்டு மூன்று பொருளாயின் மனக்கணக்குப் போதும். நூறு பொருள்களும் ஐம்பது நிபந்தனைகளும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமாயின், எத்துணைக் கூரிய அறிவும் திகைத்து நிற்கும்.

இத்தகைய கணக்குகளை முறையாக ஆராய்ந்த முன்னோடிகளுள் ஒருவர் சோவியத் நாட்டுக் கணித அறிஞர் லியோனிட் கன்டரோவிச். ஒட்டுப்பலகைத் தொழிலில் இயந்திரங்களை எவ்வாறு பகிர்ந்தளித்தால் விளைவு மிகும் என்ற வினாவிலிருந்து தொடங்கி, 1939ஆம் ஆண்டில் அவர் தம் ஆய்வை வெளியிட்டார். அமெரிக்காவில் 1947ஆம் ஆண்டில் ஜோர்ஜ் டான்ட்சிக் என்பவர் சிம்ப்ளெக்ஸ் முறை எனும் வழியை வகுத்தார். கணக்கின் சமன்பாடுகளும் சமனிலிகளும் யாவும் ஏகபரிமாணமாய் அமையும்போது, அதாவது மாறிகள் ஒன்றையொன்று பெருக்காமலும் வர்க்கம் முதலியவை இன்றியும் வரும்போது, அம்முறை சிறந்த விடையைப் படிப்படியாகத் தேடிச் சென்று அடைகின்றது.

அம்முறையைச் சோதிக்க எடுத்துக்கொள்ளப்பட்ட கணக்கொன்று உணவைப் பற்றியதாகும். ஒரு மனிதனுக்கு ஓராண்டுக்கு வேண்டிய சத்துகள் அனைத்தையும் மிகக் குறைந்த செலவில் பெறுவது எப்படி என்பதை ஜோர்ஜ் ஸ்டிக்லர் என்ற பொருளியல் அறிஞர் 1945இல் ஆராய்ந்திருந்தார். முறையான வழி இல்லாத அக்காலத்தில், தம் கூர்மதியால் முயன்று, 1939ஆம் ஆண்டு விலைப்படி 39.93 டொலர் எனும் விடையை அவர் கண்டிருந்தார். 1947இல் அமெரிக்கத் தேசிய நியமப் பணியகத்தைச் சேர்ந்த ஜக் லேடர்மன் என்பாரின் மேற்பார்வையில் அதே கணக்கு சிம்ப்ளெக்ஸ் முறையாற் செய்யப்பட்டது. ஒன்பது சமன்பாடுகள், 77 மாறிகள். எழுத்தர்கள் கையால் இயக்கும் கணிப்புப் பொறிகளுடன் அமர்ந்து உழைத்தனர். 120 ஆள்நாள் உழைப்பின் பின் கிடைத்த விடை 39.69 டொலர். ஸ்டிக்லரின் விடைக்கும் இதற்கும் இடையே 24 சதமே வேறுபாடு.

இன்று அக்கணக்கைக் கணினி கண்ணிமைக்கும் நேரத்தில் முடித்துவிடும். ஆனால் அந்த எழுத்தர்களிடம் இருந்த ஒன்று கணினியிடம் இல்லை. ஓர் உணவின் விலை வரவேண்டிய இடத்தில் அதன் நிறை எழுதப்பட்டிருந்தால், எழுத்தர் ஒருவராவது புருவத்தை உயர்த்தியிருப்பார். கணினிக்குப் புருவம் இல்லை. ஆகவே, கணக்கை ஏட்டில் எழுதும் முறைக்கும், ஏட்டிலிருந்து அது வாசிக்கப்படும் முறைக்கும் பெருமுக்கியத்துவம் உண்டாயிற்று.

சிறு எடுத்துக்காட்டு ஒன்றைக் கொண்டு இதனை விளக்கலாம். கறவைப் பசுவுக்குத் தவிடும் பிண்ணாக்கும் கலந்து நாளொன்றுக்கு 4 கிலோ தீவனம் வைத்தல் வேண்டும் என்று கொள்க. தவிட்டின் விலை கிலோ 60 ரூபா. பிண்ணாக்கின் விலை கிலோ 150 ரூபா. ஒரு கிலோ தவிட்டில் 120 கிராம் புரதமும், ஒரு கிலோ பிண்ணாக்கில் 200 கிராம் புரதமும் உள்ளன. பசுவுக்கு நாளொன்றுக்குக் குறைந்தது 640 கிராம் புரதம் தேவை. இவையாவும் விளக்கத்துக்காகக் கொண்ட எண்களே. செலவு குறைய எதனை எவ்வளவு வாங்குவது? விடை கடினமன்று. தவிடு 2 கிலோ, பிண்ணாக்கு 2 கிலோ. செலவு 420 ரூபா. நான்கு கிலோவும் தவிடாக இருந்தால் புரதம் 480 கிராமே தேறும். ஒவ்வொரு கிலோ தவிட்டையும் பிண்ணாக்காக மாற்றும்போது புரதம் 80 கிராம் ஏறும். குறையாக நின்ற 160 கிராமை ஈடுசெய்ய இரண்டு கிலோவை மாற்றியாக வேண்டும்.

இக்கணக்கைக் கணினிக்கு எழுதிக் கொடுப்பது எவ்வாறு? 1960களில் ஐ.பி.எம். நிறுவனம் தன் 360 வரிசைக் கணினிகளுக்கென இத்தகைய கணக்குகளைத் தீர்க்கும் மென்பொருள் ஒன்றை வழங்கிற்று. அதன் பெயரைச் சுருக்கி எம்.பி.எஸ். என்பர். அதற்குக் கணக்கை எழுதிக் கொடுத்த ஒழுங்கு அப்பெயராலேயே உலகெங்கும் நிலைத்துவிட்டது. மென்பொருள் மறைந்தது, அதன் எழுத்துமுறை மறையவில்லை. இந்நாளிலும் உகப்பாக்கல் மென்பொருள்களிற் பெரும்பாலானவை எம்.பி.எஸ். கோப்பை வாசிக்க வல்லனவாகவே உள்ளன.

அக்காலத்தில் கணினிக்குச் செய்தி சென்றது துளையிட்ட அட்டைகள் வாயிலாக. ஓர் அட்டையில் 80 எழுத்துகளுக்கு இடமிருந்தது. அவ்விடங்களுள் எவ்விடத்தில் எது வரவேண்டும் என்பது முன்கூட்டியே வரையறுக்கப்பட்டது. ஐந்தாம் இடம் முதல் பன்னிரண்டாம் இடம் வரை ஒரு பெயர். பதினைந்து முதல் இருபத்திரண்டு வரை மற்றொரு பெயர். இருபத்தைந்து முதல் முப்பத்தாறு வரை ஓர் எண். பெயருக்கு எட்டு எழுத்து. எண்ணுக்குப் பன்னிரண்டு எழுத்து. அதற்கு மேல் இடமில்லை.

கோப்பின் பகுதிகள் ஒரு திருமுகத்தின் அங்கங்கள்போல் ஒழுங்காக வரும். முதலில் கணக்கின் பெயர். அடுத்து நிரைகளின் பட்டியல். தீவனக் கணக்கில் நிரைகள் மூன்று: செலவு, புரதம், நிறை. ஒவ்வொரு நிரையின் முன்னும் அதன் இயல்பைக் காட்டும் ஓரெழுத்து நிற்கும். செலவு என்பது குறைக்கப்படவேண்டிய நோக்கம் ஆதலின் அதற்கு ‘என்’ எனும் எழுத்து. புரதம் குறைந்தது இவ்வளவு வேண்டும் ஆதலின் ‘ஜி’. நிறை சரியாக நான்கு கிலோ ஆதலின் ‘ஈ’. கூடியது இவ்வளவு என வரும் நிபந்தனைக்கு ‘எல்’. அதன் பின் நிரல்கள் வரும். தவிடு எனும் நிரலுக்குச் செலவில் 60, புரதத்தில் 120, நிறையில் 1. பிண்ணாக்கு எனும் நிரலுக்கு 150, 200, 1. பின்னர் வலப்பக்க எண்கள்: புரதத்திற்கு 640, நிறைக்கு 4. இதன் பின் மாறிகளின் எல்லைகள். இறுதியில் முடிவைக் காட்டும் ஒரு சொல்.

நிரைவாரியாக எழுதாது நிரல்வாரியாக எழுதுவது முதலிற் புதுமையாகத் தோன்றலாம். அதனுடன் மற்றொரு சிக்கனமும் சேர்ந்துள்ளது. பூச்சியமான எண்கள் எழுதப்படுவதே இல்லை. ஆயிரம் நிரைகளும் ஆயிரம் நிரல்களும் கொண்ட தாயம் ஒன்றில் பத்து இலட்சம் அறைகள் உண்டு. ஆயினும் நடைமுறைக் கணக்குகளில் ஒவ்வொரு பொருளும் ஒருசில நிபந்தனைகளோடு மட்டுமே தொடர்புடையது. நிரலொன்றுக்கு ஐந்து எண்கள் என்றால், ஐயாயிரம் எண்களை எழுதினாற் போதும். எழுதாதவை யாவும் பூச்சியம். இந்தச் சிக்கனத்திலே ஓர் ஆபத்தும் ஒளிந்திருக்கின்றது. எழுத மறந்த எண்ணும் எழுதவேண்டாத எண்ணும் கோப்பில் ஒரே தோற்றம் உடையன. இரண்டும் வெறுமையே.

இனி, வாசித்தல். இந்நாளில் உகப்பாக்கல் முறைகள் ‘நூலகம்’ எனப்படும் மென்பொருள் தொகுதிகளாகக் கிடைக்கின்றன. இங்கு நூலகம் என்பது பல பணிகளைச் செய்யவல்ல செயற்கூறுகளின் திரட்டு. வேறொருவர் எழுதும் நிரல்தொடர் அவற்றுள் வேண்டியதை அழைத்துப் பயன்கொள்ளும். 2000ஆம் ஆண்டளவில் அன்ட்ரூ மகோரின் என்பார் வெளியிட்ட ஜி.எல்.பி.கே., எடின்பரோவில் உருவான ஹைஸ் முதலியன யாவரும் கட்டணமின்றிப் பெறக்கூடியவை. இவை கோப்பை ஏற்றுக்கொள்ளும் பணியையும் கணக்கைத் தீர்க்கும் பணியையும் வெவ்வேறாகவே வைத்துள்ளன. ஏற்றுதல் ஒன்று; தீர்த்தல் மற்றொன்று. இந்த வேறுபாட்டை மனத்திற் பதித்தல் நன்று.

ஏற்றும்போது நிகழ்வது என்ன? நூலகம் முதலிற் கோப்பைத் திறக்கின்றது. வரிவரியாக வாசித்து, ஒவ்வொரு வரியையும் சொற்களாகப் பிரிக்கின்றது. நிரைகளின் பெயர்களுக்கு வரிசை எண் இட்டுப் பதிவேடு ஒன்றை அமைக்கின்றது. நிரல் பகுதியில் ஒரு பெயர் வரும்போது அப்பதிவேட்டைப் புரட்டி, அப்பெயருடைய நிரை உண்டா என்று பார்க்கின்றது. இல்லையெனில், இத்தனையாவது வரியில் அறியாத பெயர் என்று முறையிடுகின்றது. இருந்தால், நிரை எண்ணையும் நிரல் எண்ணையும் குணகத்தையும் தன் நினைவகத்திற் சேமிக்கின்றது. வாசித்து முடித்ததும் தன் பணி நிறைவேறிற்றா இல்லையா என்பதை ஒரு குறியீட்டால் அறிவிக்கின்றது. ஜி.எல்.பி.கே. நூலகம் வெற்றியாயின் பூச்சியத்தையும், தவறாயின் வேறோர் எண்ணையும் திருப்பித் தரும். ஹைஸ் நூலகம் சரி, எச்சரிக்கை, பிழை என மூவகையாற் பதில் உரைக்கும்.

முதற் கவனக்குறைவு இங்கேதான் நிகழ்கின்றது. அக்குறியீட்டைப் பாராமலே சிலர் அடுத்த படியாகிய தீர்த்தலுக்குச் சென்றுவிடுகின்றனர். கோப்பின் பெயரிலே ஓரெழுத்துப் பிழை, கோப்பு திறக்கப்படவில்லை, நினைவகத்தில் நிரையும் இல்லை, நிரலும் இல்லை. வெற்றுக் கணக்கு ஒன்றைத் தீர்க்கச் சொன்னால், செலவு பூச்சியம் என்பதும் ஒரு விடையே. கதவு திறவாத களஞ்சியத்துக்கு வெளியே நின்று, உள்ளே நெல் இல்லை என்று கணக்கெழுதியவனின் செயலை இது ஒக்கும்.

இரண்டாவது தவறு இதனினும் நுட்பமானது. கோப்பு திறக்கின்றது; வாசிப்பும் குறையின்றி முடிகின்றது; ஆனால் எழுதியவர் கருதியது ஒன்று, நூலகம் கொண்டது வேறொன்று. எம்.பி.எஸ். முறைக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. பழைய அட்டை முறைப்படி இடத்தால் சொற்களைப் பிரிப்பது நிலைப்பட்ட வடிவம். வெற்றிடம் வரும் இடங்களிற் சொற்களைப் பிரிப்பது கட்டற்ற வடிவம். ஜி.எல்.பி.கே. நூலகத்தில் முன்னதைக் குறிக்கும் சொல்லில் இன்றும் ‘அட்டைக்கட்டு’ எனும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லே இடம்பெறுகின்றது. நிலைப்பட்ட வடிவத்தில் பெயரின் நடுவே வெற்றிடம் வரலாம். ‘தவிடு 1’ என்பது அங்கே ஒரே பெயர். அதே கோப்பைக் கட்டற்ற வடிவமாக வாசித்தால் ‘தவிடு’ ஒரு சொல், ‘1’ மற்றொரு சொல். மறுதலையாக, நீண்ட பெயர்களை எட்டு எழுத்தாக வெட்டினால், தொடக்கம் ஒத்த இரு பெயர்கள் ஒன்றாகிவிடும். இரண்டு பொருள் ஒரு பொருளாகின்றது.

சில இடங்களில் நூலகங்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. பேருந்துகளின் எண்ணிக்கைபோல் நிறைவெண்ணாகவே வரவேண்டிய மாறி ஒன்றுக்கு மேலெல்லை எழுதாது விட்டால், சில மென்பொருள்கள் எல்லையே இல்லை என்று கொள்ளும். வேறு சில, மேலெல்லை 1 என்று கொள்ளும். முன்னதன்படி பன்னிரண்டு பேருந்து ஓடலாம். பின்னதன்படி ஒன்றுக்கு மேல் ஓடாது. குளிரறை ஒன்றின் வெப்பநிலை மறை 5 பாகைக்கு மேற்படலாகாது என்று எழுதி, கீழெல்லையை எழுதாது விட்டால் என்னாகும்? எழுதாத கீழெல்லை பூச்சியம் என்பது பொதுவிதி. பூச்சியத்துக்குக் கீழே செல்லலாகாது, மறை 5க்கு மேலும் செல்லலாகாது என்றால் விடையே இல்லை. இதனை உணர்ந்த சில நூலகங்கள் கீழெல்லையைத் தாமாகவே மறை முடிவிலியாக மாற்றிக்கொள்கின்றன. வேறு சில, விதியை விடாது பற்றி நின்று, இக்கணக்குக்கு விடையில்லை என்கின்றன. ஒரே கோப்பு, ஒரே எண்கள்; விடைகள் இரண்டு.

நோக்கத்தைக் கூட்டுவதா, குறைப்பதா என்பதும் அவ்வாறே. பழைய எம்.பி.எஸ். முறையில் அதனைக் குறிப்பிட இடமே இருக்கவில்லை. பிற்காலத்தில் அதற்கென ஒரு பகுதி சேர்க்கப்பட்டது. அது இல்லாத கோப்பைக் குறைத்தற் கணக்கு என்றே நூலகங்கள் பொதுவாகக் கொள்கின்றன. இலாபத்தைக் கூட்ட எண்ணிய வணிகர், குறிப்பொன்றும் இன்றிக் கோப்பை ஒப்படைத்தால், இலாபத்தை இயன்றவரை குறைக்கும் திட்டம் அவர் கையில் வந்து சேரும்.

மூன்றாவது தவறு நூலகத்தின்மேற் சாராதது. எழுதுபவரின் கையிலேயே அது பிறக்கின்றது. தீவனக் கணக்கை மீண்டும் நினைவிற் கொள்க. புரதத்தின் முன் ‘ஜி’ என எழுதவேண்டிய இடத்தில் ‘எல்’ என்று எழுதிவிட்டால், குறைந்தது 640 கிராம் என்பது கூடியது 640 கிராம் என்று ஆகிவிடும். கணினி உடனே விடை தரும்: தவிடு 4 கிலோ, பிண்ணாக்கு இல்லை, செலவு 240 ரூபா. எச்சரிக்கை இல்லை, பிழைச்செய்தி இல்லை. இதுவே உகந்த விடை எனும் முத்திரையும் அதன்மேல் இருக்கும். 420 ரூபாச் செலவு 240 ஆகக் குறைந்தது கண்டு உரிமையாளர் மகிழவும் கூடும். பசு மட்டும் நாளுக்கு நாள் மெலியும். அதன் மெலிவுக்கும் ஓரெழுத்துக்கும் உள்ள தொடர்பை யார் அறிவார்?

இம்மூன்றாவது தவறு கற்றுக்குட்டிகளுக்கு மட்டும் உரியதன்று. சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்த டான்ட்சிக்கே அதிற் சிக்கினார். அவ்வரலாற்றை அவரே பிற்காலத்தில் நகைச்சுவையோடு எழுதியும் வைத்தார். 1950களின் தொடக்கத்தில் உடல் எடையைக் குறைக்குமாறு மருத்துவர் அவருக்கு அறிவுறுத்தினார். உணவுக் கணக்கைத் தமக்கே பயன்படுத்திப் பார்க்க அவர் துணிந்தார். வயிறு நிறைந்த உணர்வு மிகவேண்டும் என்பது நோக்கம். உணவின் நிறையிலிருந்து அதிலுள்ள நீரின் நிறையைக் கழித்தால் வருவதே அவ்வுணர்வின் அளவு என்று அவர் கொண்டார். கணினி தந்த உணவுப் பட்டியலிற் பெரும்பாலானவை ஏற்கத்தக்கனவே. ஆனால் அதன் நடுவே 500 கலன் வினாகிரி என்று ஒன்று காணப்பட்டது.

காரணம் தேடியபோது, எடுத்தாண்ட தரவில் வினாகிரியின் நீர்ப்பகுதி பூச்சியம் என்று இருந்தமை தெரிந்தது. நீரே இல்லாத உணவு, அளவின்றி வயிற்றை நிறைக்கும் என்று கணினி முடிவு செய்தது, அதன்மேற் குற்றமில்லை. வினாகிரியை நீக்கிவிட்டு மீண்டும் கணக்கிட்டார். இம்முறை நாளொன்றுக்கு 200 சூப்புக் கட்டிகள் வந்தன. உப்புக்கு மேலெல்லை எதுவும் எழுதப்படாமையே காரணம். அதற்கு எல்லை விதித்தபோது, நாளொன்றுக்கு இரண்டு இறாத்தல் கோதுமைத் தவிடு வந்தது. அதற்கும் எல்லை விதித்தால் கரும்புப்பாகு. முடிவில் அவர் மனைவியார் தாமே வகுத்த உணவு முறையைக் கைக்கொண்டு எடை குறைந்தார்.

இக்கதையில் நகைப்பைக் காட்டிலும் ஆழ்ந்த பாடம் ஒன்று உண்டு. 500 கலன் வினாகிரி எனும் விடை வந்தது ஒருவகையில் நற்பேறே. அதனை எவரும் குடிக்கப் போவதில்லை. ஆகவே தவறு தானே வெளிப்பட்டது. வினாகிரியின் நீர்ப்பகுதி பூச்சியம் என்று இராது, உண்மையிலும் சற்றே குறைந்த ஓர் எண்ணாக இருந்திருந்தால், விடையும் சற்றே பிழைபட்டிருக்கும், எவரும் ஐயுற்றிரார். பெரும்பிழை தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். சிறுபிழை மேசையில் அமர்ந்து விருந்துண்ணும்.

அப்படியாயின், காக்கும் வழி என்ன? முதல் வழி எண்ணிப் பார்த்தல். கோப்பை ஏற்றியவுடன், எத்தனை நிரைகள், எத்தனை நிரல்கள், பூச்சியமல்லாத எண்கள் எத்தனை என்று நூலகத்தையே கேட்கலாம். தீவனக் கணக்கிற்கு நிரல்கள் இரண்டு என்று நாம் அறிவோம். மூன்று என்று பதில் வந்தால், எங்கோ ஒரு பெயர் பிளவுபட்டுவிட்டது என்பது வெளிப்படை.

இரண்டாம் வழி, விடை தெரிந்த கணக்கால் நூலகத்தையே சோதித்தல். 1985ஆம் ஆண்டில் டேவிட் கே என்பார் இதற்கெனக் கணக்குகளின் தொகுதி ஒன்றை நெட்லிப் எனும் பொதுக் களஞ்சியத்தின் வழியாக யாவரும் பெறும்படி செய்தார். அதில் மிகச் சிறியவற்றுள் ஒன்று ‘அஃபிரோ’ எனப்படுவது. அத்தொகுதியின் அட்டவணைப்படி அதற்கு 28 நிரைகள், 32 நிரல்கள், பூச்சியமல்லாத 88 எண்கள். அதன் சிறந்த விடை மறை 464.7531 என்பது உலகறிந்தது. புதிய நூலகம் ஒன்றைக் கையாளத் தொடங்குபவர் முதலில் இதனை ஏற்றிப் பார்ப்பது நல்ல வழக்கம். சில நூலகங்கள் 27 நிரைகள், 83 எண்கள் என்று கூறக்கூடும். அது தவறன்று. நோக்கத்தைக் காட்டும் நிரையையும் அதிலுள்ள ஐந்து எண்களையும் அவை தனியே வைத்து எண்ணுவதே காரணம். வேறுபாடு ஒன்றைக் கண்டதும் அதன் காரணத்தைத் தேடி அறியும் பழக்கத்தையும் இச்சிறு கணக்கே கற்பிக்கின்றது.

மூன்றாம் வழி, திருப்பி எழுதச் செய்தல். ஆசிரியர் சொல்லிக்கொடுத்ததை மாணவன் விளங்கிக்கொண்டானா என்று அறிய, அவனைத் தன் சொற்களில் மீண்டும் சொல்லும்படி கேட்பது வகுப்பறை வழக்கு. நூலகங்களிடமும் அதனைச் செய்யலாம். ஏற்றிய கணக்கை, மனிதர் வாசிக்கத்தக்க சமன்பாட்டு வடிவில் மற்றொரு கோப்பாக எழுதித்தரும் வசதி அவற்றில் உண்டு. அவ்வாறு வந்த கோப்பைத் திறந்து, எது குறைக்கப்படுகின்றது, எந்த நிபந்தனையில் எந்தக் குறி நிற்கின்றது, எல்லைகள் யாவை என்று ஒருமுறை நிதானமாக வாசித்தால், ‘ஜி’ இருக்கவேண்டிய இடத்தில் ‘எல்’ இருப்பது கண்ணில் தைக்கும். பெருங்கணக்காயின், இரண்டு மூன்று பொருள்கள் மட்டும் கொண்ட சிறு மாதிரியை முதலில் எழுதி, கையால் கண்ட விடையோடு ஒப்பிட்டுப் பின்னர் பெருங்கணக்குக்குச் செல்லலாம்.

நான்காம் வழி யாவற்றினும் பழையது. விடை வந்தபின், அதனை வாழ்க்கையோடு ஒப்புநோக்குதல். இத்தனை தவிட்டைப் பசு உண்ணுமா? இத்தனை பேருந்தை நிறுத்த இடமுண்டா? இவ்வளவு வினாகிரியை யார் குடிப்பார்? இவ்வினாக்களைக் கணினி கேளாது. அத்துறையில் உழைத்துப் பழகியவரே கேட்க வல்லார். மாட்டை வளர்ப்பவரும், பேருந்தை ஓட்டுபவரும், சமையல் செய்பவரும் கணித வல்லுநரின் பக்கத்தில் அமரவேண்டும் என்பதன் காரணம் இதுவே.

கணினியின் விடை உகந்தது என்றால், எழுதிக் கொடுத்த கணக்குக்கு அது உகந்தது என்பதே பொருள். எழுதிய கணக்கும் எண்ணிய கணக்கும் ஒன்றாக இருக்கும்வரை அவ்விடையைப் போல் நம்பத்தக்க துணை வேறில்லை. அவை இரண்டும் பிரியும்போது, சிறந்த விடை என்ற பெயரோடு வரும் தவறான விடையைப் போல் தீங்கு செய்வதும் வேறில்லை. ஏட்டுச் சுரைக்காயைத் தோட்டத்துச் சுரைக்காயோடு ஒப்பிட்டுப் பார்க்கும் கடமை என்றும் மனிதருடையதே. கறியை உண்ணப்போகின்றவரும் அவரே அல்லவா?